லீலா கல்யாணத்தில் வாசித்த பாட்டு
இருங்காட்டுக்கோட்டை தேவாலய வாசலில் மணப்பெண் லீலா நிற்கிறாள். கீபோர்டு வாசிக்கிற ஜெபகுமார் வரவேற்புப் பாட்டை விட்டுவிட்டு, ஒரு மாதமாகத் தன் வீட்டில் ஓடவிட்டுத் தெருவையே மிரட்டிய அந்த இங்கிலீஷ் கேசட்டுப் பாட்டை எடுக்கிறான். அட்டையில் வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு நிற்பார்களே, அதுதான். நமக்கெதற்கு வம்பு, அதே கேசட் லீலா வீட்டிலும் ஓடியது. பாழுங்கிணற்றிலிருந்து வருகிற மாதிரி ஓர் இழுவை. சாவுக்கும் இதே வாசல்தானே, முன்வரிசை ஆண்கள் பழக்கதோஷத்தில் சவப்பெட்டி தூக்க எழுந்துவிடுகிறார்கள். ஜன்னல் வெயிலில் மாப்பிள்ளையின் நெற்றி வேர்க்கிறது. “இன்னாடா இது, கல்யாணமா எழவா? நிறுத்துடா!” என்று லீலாவின் அம்மா சந்திரம்மாள் கத்துகிறாள். ஜெபகுமாரின் விரல்கள் நிற்கின்றன. லீலா முக்காட்டை விலக்கி, மாப்பிள்ளை பக்கம் திரும்பாமலே சொல்கிறாள்: “நிறுத்தாத ஜெபா. வாசி.”