மூட்டைமேல் சாய்ந்த துப்பாக்கி

புதிதாக வந்த காற்றுத் துப்பாக்கியை மணல் மூட்டைமேல் கிடத்திக் குறி சோதித்தார்கள். சுட்ட குண்டெல்லாம் அட்டையில் ஒரே ஓட்டை வழியாகப் போயின. துப்பாக்கிக்குத் தலைகால் புரியவில்லை.

“சுட்டது நான். நீ சும்மாதானே கிடந்தே? தள்ளிப் படு, உடம்பெல்லாம் மண்ணு!” என்று மூட்டையிடம் சிடுசிடுத்தது.

மறுநாள் மைதானத்தில் அதைக் கையில் ஏந்தி, நின்றபடி சுட்டார்கள். குழல் ஆடிய ஆட்டத்தில் ஒரு குண்டுகூடப் படவில்லை. குண்டு பட்டால் சாயவேண்டிய தகரக் காக்கை, “நான் வேணா கிட்ட வரட்டுமா?” என்று கேட்டது. மற்ற தகரங்களெல்லாம் கலகலவென்று சிரித்தன.

வீடு திரும்பிய துப்பாக்கி, மூட்டையின் முகத்தில் விழிக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது.

மூட்டை எதுவும் விசாரிக்கவில்லை. “வாப்பா, வந்து சாஞ்சுக்கோ. மண்ணையெல்லாம் உதறிட்டேன்” என்றது.