சல்லடையில் ஏலக்காய்

சல்லடையில் கடைசியாகத் தங்கியவை ஏலக்காய் விதைகள்.

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தேன். பதினேழு.

கரடி எச்சத்தை அலசிப் பார்ப்பது பதினோரு வருடமாக என் வேலை. கோடையில் எறும்பு, புல், காட்டுச் செர்ரிக் கொட்டை. இலை உதிரும் காலத்தில் ஹேசல் கொட்டைத் தோடு. எச்சம் அலசும் இந்தத் தொட்டியடியில் நின்றபடியே காட்டின் சாப்பாட்டு நேரங்களைச் சொல்லிவிடுவேன்.

மிச்சிகன் காட்டில் ஏலக்காய் கிடையாது.

என் அடுப்படியில் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் பின்னல் ரொட்டி சுடுகிறேன். பின்லாந்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் எல்லாமே சுடுகின்றன. மற்றவர்கள் ஏலக்காயைப் பொடித்துப் போடுவார்கள். சோம்பல் பட்டு விதையை அப்படியே போடுகிறவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை காலையில் என் கணவன் ஆர்வோ அந்த ரொட்டியை மெழுகுத்தாளில் சுற்றிக்கொண்டு மீன் பிடிக்கப் போவான். இரவு ஓடைக்கரையில் கூடாரம். ஞாயிறு மதியம் வெறும் தாளோடு திரும்புவான். நன்றாக இருந்தது என்பான். முப்பத்தொரு வருடமாக அதே பாராட்டு, ஒரு சொல் கூடாமல்.

நான் அந்த வெறும் தாளை நம்பியிருந்தேன்.

லோர்னா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எங்கள் நிலையத்தின் தலைவி அவள். அந்த விதைகளை அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பல்லிடுக்கிலிருந்து அவற்றை எடுத்துக்கொண்டிருப்பாள்.

“உன் ரொட்டிக்கு ஒரு ரசிகை கிடைச்சிட்டா, ஹில்யா,” என்றாள்.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. அந்த ஓடைப்பக்கம் உலவுவது இருபத்தேழாம் எண் கரடி. குட்டி ஈன்றவள். ஏற்கெனவே இரண்டு முறை அவள் எச்சத்தில் மனிதர்களின் உணவு இருந்திருக்கிறது. ஒருமுறை யாரோ பறவைகளுக்கு வைத்த சூரியகாந்தி விதை, இன்னொருமுறை குப்பைத் தொட்டிச் சமாசாரம். மனிதர்களிடம் தின்னப் பழகிய கரடி ஒருநாள் வீட்டுக்குள் வந்துவிடும் என்பார்கள். அதனால் மூன்றாவது முறை கண்டால் கூண்டு வைத்துப் பிடிப்பார்கள். பிடித்ததைத் திருப்பி விடுவதில்லை.

லோர்னா கூண்டு வைக்க உத்தரவிடும் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஒரு கரடி சாகப்போகிறது. எனக்கோ ரொட்டிதான் வலித்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முப்பத்தொரு வருடத்துச் சனிக்கிழமைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சனிக்கிழமையிலிருந்து? ஒரு துண்டாவது வாயில் வைத்தானா?

பிடிக்கவில்லை என்று முதல் வருடமே சொல்லியிருந்தால் ஒருநாள் அழுதிருப்பேன். அவ்வளவுதான். மனைவி மனம் நோகக்கூடாது என்று ஒரு மனிதன் வாரம்தோறும் எட்டு மைல் நடந்து போய்க் கரடிக்கு ஊட்டிவிட்டு வருகிறான் என்றால், அது அன்பா அவமானமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மீதியைக் குறிப்பேட்டில் எழுதினேன். புளூபெர்ரி, நிறைய. எறும்பு, ஒன்றுகூட இல்லை. ஆகஸ்ட் மாதத்துக்கு இது வினோதம். பெரிய மெத்தென்ற இலை ஒன்று, பல்லே படாமல்.

பன்னிரண்டு மணிக்கு ஆர்வோ என்னைச் சாப்பிட அழைத்துப்போக வந்தான். பூட்ஸிலிருந்த சேற்றை வாசலிலேயே தட்டிவிட்டு நின்றான்.

தட்டை அவன் முன்னால் நீட்டினேன். கரடிக்கு ஊட்டினாயா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்படியானால் தூக்கிப் போட்டாயா என்றேன். அதுவும் இல்லை என்றான். பதினேழு விதையும் தானாக நடந்து போய்க் கரடியின் வாய்க்குள் ஏறிக்கொண்டனவா என்று கேட்டேன். ஆர்வோ அதிகம் பேசுகிறவன் இல்லை. எங்கள் கல்யாணத்தன்றே பாதிரியார் அவனிடம் சம்மதமா என்று இரண்டு முறை கேட்கவேண்டியிருந்தது.

லோர்னா பேனாவின் மூடியைத் திறந்தாள்.

அப்போதுதான் இது எங்கே கிடைத்தது என்று ஆர்வோ கேட்டான்.

எச்சம் வந்த பையில் ஒட்டியிருந்த சீட்டை லோர்னா படித்தாள். ஓடையின் வடக்கு வளைவு, சாய்ந்த தேவதாருவுக்குப் பின்னால், ஞாயிறு பகல். கண்டெடுத்தவர் டாக்டர் பெல்கி. போன மாதம் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், சம்பளமில்லாமல் எங்களுக்கு உதவ வந்தவர். காட்டில் அவர் கண்டெடுத்த முதல் பொருள் இது. பூரிப்பில் இரண்டு பைக்குள் போட்டு, படமும் எடுத்து அனுப்பியிருந்தார்.

ஆர்வோ தொப்பியைக் கழற்றினான். காதில் தொடங்கிய சிவப்பு கழுத்துவரை இறங்கியது. படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குட்டிகள் எத்தனை என்று கேட்டான்.

இரண்டு என்றாள் லோர்னா.

“லோர்னா,” என்றான். “அது கரடி போட்டது இல்ல. அந்த மரத்துக்குப் பின்னால… அது கரடி இல்ல.”

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லோர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, மேசையிலிருந்த படிவத்தை எடுத்துக் கசக்கினாள்.

நான் கையுறையைக் கழற்றினேன். கேட்க எத்தனையோ இருந்தன. ஒன்றைத்தான் கேட்டேன்.

“ரொட்டியில எவ்வளவு தின்னே?”

ஆர்வோ தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“முழுசும்.”