கடற்காது

குமரிக் கரையின் மீனவர் வீடுகளில் கடற்காது என்ற பெட்டி இருந்தது. நடுக்கடலில் ஓடும் அவரவர் படகின் ஓசையை அது வீட்டுக்குள் கொண்டுவரும். கணவன் கிளாட்வினின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ஜெனிட்டா சமைப்பாள்.

ஒருநாள் அவன் கடலில் இருக்கும்போது ஏதோ ஒரு நாடு கடலுக்கடியில் அணுகுண்டைச் சோதித்தது. அந்த முழக்கம் கண்டங்களில் மோதி மோதித் திரும்பி வந்து பெட்டியை நிறைத்தது. எஞ்சின் சத்தம் அதில் அமுங்கிப்போனது.

“வெடிச்சது ரொம்ப தூரத்துல மக்ளே. தண்ணிக்குள்ள சத்தம் உலகத்தையே சுத்தும்,” என்றார் மாமனார்.

“தெரியும் மாமா. ஆனா அவிய சத்தம் கேக்கல்லியே.”

மாலையில் முழக்கம் அடங்கியது. அப்போதும் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. பதறிப்போய்ப் பெட்டியில் காதை வைத்தாள். டொக், டொக். முழக்கத்தைக் கேட்டு அவள் பயந்திருப்பாள் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு, வீட்டுக் கதவைத் தட்டுவதுபோலப் படகைத் தட்டிக்கொண்டிருந்தான் கிளாட்வின்.

அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும், “இங்கதான் இருக்கேன்” என்று சொல்லி ஜெனிட்டா பெட்டியை மெல்லத் தட்டினாள்.