ஓரங்கட்டிய பேருந்து

மனைவி செண்பகம் நடத்துநரிடம் கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான், ஆவுடையப்பன் ஒருவருக்காகப் பேருந்து நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றது.

“பெரியவரே, சட்டுன்னு முடிச்சிட்டு வாங்க.”

கருவேலம் புதரைப் பார்த்து நின்றார். இத்தனை நேரம் அடிவயிற்றை முட்டிக்கொண்டிருந்தது, ஒரு பேருந்தே முதுகைப் பார்க்கிறது என்றதும் உள்ளே ஒடுங்கிக்கொண்டது. ஜன்னலில் ஒரு குழந்தை, “தாத்தா என்னம்மா சும்மா நிக்காரு?” என்றது. ஓட்டுநர் ஹாரனைத் தொட்டார். ஆவுடையப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஏறிவந்தார்.

“ஆச்சா?”

“ஆச்சு.”

வண்டி வேகமெடுத்ததும் அது திரும்பி வந்தது. செண்பகம் பாட்டில் மூடியைத் திருகி, மாத்திரையோடு நீட்டினாள்.

“காலையிலேருந்து தொண்டை நனையல. அதான் போயாச்சுல்லா, இப்பமாவது குடிங்க.”

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் மடக்கு மடக்காக முழுவதையும் குடித்தார்.