நாற்காலி வள்ளல்

"பாஸ்டர், இது சபை மண்டபமா, சர்க்கஸ் கூடாரமா?"

கேட்டவரு சபைச் செயலாளர். மண்டபத்துக்கு நூறு நாற்காலி வாங்கிக் குடுத்ததுல இருந்து 'நாற்காலி வள்ளல்'னு பேரு. ஒவ்வொரு நாற்காலி முதுகுலயும் அவர் பேரைப் பெருசா எழுதி வெச்சிருந்தாரு. உட்கார்றவங்க முதுகுல அது ஒட்டிக்கலையேங்கறதுதான் ஒரே குறை.

"என்ன ஆச்சுங்க ஐயா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் உள்ள யோகா நடக்குதாமே! என் நாற்காலியை எல்லாம் மூலையில அடுக்கிட்டு, பொம்பளைங்க தரையில உருள்றாங்களாமே!"

"நம்ம நர்ஸம்மாதான் சொல்லித் தர்றாங்க. மூச்சை இழுக்கும்போது 'ஆண்டவரே', விடும்போது 'இரங்கும்'. அவ்வளவுதான்."

"மூச்சு விடறதுக்கு ஒரு வகுப்பா? நான் அம்பத்தெட்டு வருஷமா சும்மாதானே விட்டுக்கிட்டிருக்கேன்!"

"ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

"பாக்க என்ன இருக்கு? இன்னையோட நிறுத்துங்க. இல்லேன்னா அத்தனை நாற்காலியையும் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன். அப்புறம் சபையே நின்னுக்கிட்டு ஜெபம் பண்ணட்டும்!"

சொல்லிக்கிட்டே மண்டபத்துக் கதவைத் திறந்தாரு.

உள்ள திரையெல்லாம் இழுத்துவிட்டு அரை இருட்டா இருந்துச்சு. இருபது பொண்ணுங்க வரிசையா மல்லாந்து படுத்து, ரெண்டு காலையும் தூக்கிச் சுவத்துல சாய்ச்சிருந்தாங்க. அந்தச் சுவத்துலதான் சிலுவை மாட்டியிருந்துச்சு.

வள்ளலுக்கு ரத்தம் தலைக்கேறிடுச்சு. அதுக்குள்ள நர்ஸம்மா வாசலுக்கு ஓடி வந்துட்டாங்க.

"ஐயா, சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ணை மூடியிருக்காங்க."

"சிலுவை இருக்கற சுவத்துல காலாம்மா? நீயெல்லாம் ஞாயிறு பள்ளி நடத்துறவளா?"

"வேற சுவத்துலயெல்லாம் ஜன்னல் இருக்குங்க. காலைத் தூக்கி வெச்சாத்தான் வீக்கம் வடியும். அமுக்கினா குழி அப்படியே நிக்குது. வாரம் பூரா நின்ன கால்."

"வீட்டுல போய் நீட்டிக்க வேண்டியதுதானே?"

"வீட்டுல அடுப்பு முன்னால நிக்கணும்ல?"

"அதுக்கு ஆண்டவர் சந்நிதிதான் கிடைச்சுதா?"

நர்ஸம்மா வழியை மறிச்சு நின்னாங்க.

"சீடர்களுக்குக் கால் கழுவி விட்டவருங்க அவரு. இந்தக் காலைப் பாத்துக் கோவிச்சுக்க மாட்டாரு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒரு ஸ்டூல் கூடப் போடாம நிக்க வெச்சிருக்கற ஆளைத்தான் கோவிச்சுக்குவாரு. சுவத்துல சாஞ்சா சம்பளத்துல பிடிப்பாம். சாயறாங்களான்னு பாக்கக் காமிரா வேற. அந்த ஓரத்துல படுத்திருக்கா பாருங்க, அவளுக்கு நரம்பு சுருட்டிக்கிச்சு. இப்படியே நின்னா புண்ணாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இருக்கற ஒரு மத்தியானத்தையும் பிடுங்கிட்டா அவ எங்கங்க போவா?"

பாஸ்டர் தரையைப் பாத்தாரு.

"வேலைன்னா நிக்கத்தான் செய்யணும். கதை சொல்லாத!"

வள்ளல் நர்ஸம்மாவைத் தாண்டிப் போய் லைட்டைப் போட்டாரு.

"ஏய், எந்திரிங்க எல்லாரும்!"

அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம். இருபது பேரும் வாரிச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சாங்க. கையைப் பின்னால கட்டி, சுவத்துல முதுகு படாம ஒரு அடி தள்ளி, வரிசையா நின்னாங்க. நரம்பு சுருட்டின பொண்ணும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

"வணக்கம் முதலாளி!"

ஒரே குரல். தினமும் கடை திறக்கும்போது சொல்ற மாதிரியே.

வள்ளலுக்கு இப்ப மூச்சை எப்படி விடறதுன்னு தெரியல.

பாஸ்டர் மூலைக்குப் போய், மேல இருந்த நாற்காலியை எடுத்துட்டு வந்து, பேரு தெரியற மாதிரி அவர் முன்னால வெச்சாரு.

"நீங்க சொன்னபடியே செஞ்சிடலாங்க ஐயா. நூறையும் உங்க துணிக்கடைக்கே எடுத்துட்டுப் போங்க. நாங்க நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணிக்கறோம்."