பூ போடாத ரஜாய்

“பையன் இப்ப எத்தனை கிலோ இருப்பான்?”

செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கோமளம்மாள் கேட்ட முதல் கேள்வி இதுதான். வந்தது தைக்கக் கொடுத்த ரஜாய்ப் போர்வையைப் பார்க்க. கண் போனதோ வீணாவின் இடுப்பிலிருந்த ஏழு மாசக் குழந்தை யுவன் மேல்.

“எட்டு கிலோ மேடம்” என்ற வீணா, குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். போன வாரமும் இதே கேள்விதான்.

“ஜுரம் கிரம் எதுவும் வரதில்லையே? பால் நன்னா குடிக்கறானோ?”

“கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் இல்ல மேடம்.”

கோமளம்மாள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அடுத்தவள் பிள்ளை பால் குடித்தால் இவருக்கு என்ன வந்தது?

வீணா மர்பி டவுனில் வீட்டோடு இருந்தபடியே குழந்தைகளுக்குப் பஞ்சு வைத்த குட்டி ரஜாய் தைத்துக் கொடுக்கிறவள். யானை, நிலா, குழந்தையின் பேர் என்று கலர் கலராகத் தைக்கச் சொன்னால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். இந்த அம்மாள் கேட்டதோ வெறும் வெள்ளை. பூ கூடாது, பொம்மை கூடாது, வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் கோடு கோடாகக் கைத்தையல், அவ்வளவுதான்.

“யாருக்கு மேடம்?” என்று முதல் நாளே கேட்டாள். “வேண்டியவாளுக்குத்தான்” என்று கோமளம்மாள் பேச்சை மாற்றிவிட்டார். அதுவும், யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பியவர், தொட்டிலில் கிடந்த யுவனைப் பார்த்த பிறகுதான் ஆர்டரே கொடுத்தார்.

பத்துக் கோடு தைப்பதற்குள் வீணாவுக்குக் கொட்டாவி வந்தது. அஞ்சு கோட்டுக்கு ஒரு காபி என்று தனக்குத்தானே லஞ்சம் கொடுத்துப் பார்த்தாள், காபித்தூள்தான் தீர்ந்தது. “ஆஸ்பத்திரி பெட்ஷீட் மாதிரி இருக்கு, இதுக்குப் போய் சும்னே வெட்டியா எதுக்குடி இவ்ளோ பாடு?” என்று ஆட்டோ ஓட்டும் புருஷன் நாகேஷ் வேறு கிண்டல் செய்தான்.

இப்போது கோமளம்மாள் பாதி தைத்த ரஜாயைக் கையில் வாங்கினார். தையலைப் பார்க்கவே இல்லை. முன்னும் பின்னும் புரட்டி எதையோ தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“எதுக்கு ஸ்டூல்ல உக்காந்துண்டு கஷ்டப்படறே? கீழ விரிச்சுண்டு தையேன். குழந்தையும் பக்கத்துலயே கிடக்கட்டும்.”

போகும்போது யுவனின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீணா சட்டென்று அந்தக் காலை முந்தானைக்குள் இழுத்து மூடினாள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் நாகேஷின் கிண்டல் எல்லாம் ஓடிப்போயிற்று.

“பக்கத்துல அல்சூர்ல இல்லாத கடையா? இந்த வெள்ளைத் துணிக்கு நம்ம வீட்டைத் தேடி வர்றாங்கன்னா? பிள்ளை புடிக்கிற கும்பலா இருக்கப் போகுது! சீக்கிரம் முடிச்சுக் குடுத்துடு. இனிமே அந்தம்மா நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது.”

காபியால் ஆகாததைப் பயம் செய்தது. கதவைத் தாழ் போட்டு, யுவனைத் தொட்டிலில் கிடத்தி, நாலே நாளில் வீணா கடைசிக் கோட்டையும் முடித்துவிட்டாள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் தொழில் தொழில்தான். ரஜாய்க்கு இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் கவரில் வைத்தாள்.

கோமளம்மாள் வந்த அன்று நாகேஷ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டான். வீணா வாசலை மறித்தபடி நின்று கவரை நீட்டினாள்.

“பாத்துக்கோங்க மேடம். கடையில வாங்கினாக்கூட இவ்ளோ நீட்டா இருக்காது. எங்க பையன் விரல்கூட இதுல படல.”

கோமளம்மாள் பிரித்து முகர்ந்து பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

“படவே இல்லையா? ஒரு நாள்கூட?”

“சத்தியமா மேடம்!”

அப்படியே வாசப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். “ஐயோ, என்ன ஆச்சு மேடம்?” என்று வீணா பக்கத்தில் குனிந்தாள்.

“என் பொண்ணு நிருபமாவுக்கு இது மூணாவது பிரசவம்மா. முதல் ரெண்டும் பொறந்து தங்கல. ரெண்டு தடவையும் ஆசை ஆசையா எல்லாம் புதுசா வாங்கி அடுக்கினேன். நன்னா வளர்ற குழந்தையோட பழந்துணியிலதான் முதல்ல போடணும்னு பெரியவா சொன்னா, நான் கேக்கல.”

“எங்கள்லயும் அப்படித்தான் மேடம். வாய் விட்டுக் கேட்டிருக்கலாம் இல்ல?”

“நாலு பேர்கிட்ட கேட்டேனே! தன் குழந்தைக்கு ஆகாதுன்னு ஒருத்தரும் தரல. பூவும் பொம்மையும் போட்டா நீ பத்திரமா எடுத்து வெச்சுடுவே. வெறும் வெள்ளைதானேன்னு அலட்சியமா விட்டா, உன் பிள்ளை அதுல கிடந்து புரண்டு பழசாக்கிடுவான்னு நெனச்சேன்.”

‘ஆகாது’ என்ற சொல் வீணாவையும் ஒரு நிமிஷம் சுட்டது. நம் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் கோமளம்மாளின் மடியில் கிடந்த ரஜாயைப் பார்த்தாள், நனைந்திருந்த அவர் முகத்தைப் பார்த்தாள்.

விறுவிறுவென்று உள்ளே போய், நாகேஷ் தடுக்கத் தடுக்க யுவனை வாங்கிக்கொண்டு வந்தாள். இஸ்திரி மடிப்பு கலைய ரஜாயை உதறித் தரையில் விரித்தாள். நாப்பியை அவிழ்த்துப் பிள்ளையை நட்டநடுவில் படுக்கப் போட்டாள்.

“உச்சா போடா என் ராஜா, தாராளமா போ!”