எந்தக் குழாய் வாஷர்?

"இந்த வாஷர் எந்தக் குழாயோடது?"

பல் தேய்க்கப் போன பிளம்பர், வாயெல்லாம் நுரையோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தான். கையில் ஒரு வளையம். வெள்ளையாக, வழுவழுவென்று இருந்தது. மடக்கினால் மடங்கியது, விட்டால் மறுபடி வட்டமானது.

"ஜன்னல் ஓரத்துல கிடந்துச்சு. ரெண்டே முக்கால் இஞ்ச் இருக்கும். இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வாஷரைப் பார்த்ததே இல்ல."

அடுப்பருகே நின்றிருந்த அவன் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எடுத்த இடத்துலயே வைங்க," என்றாள்.

"எடுத்த இடத்துலயே வைடா," என்றாள் கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவும். "கண்டதையும் கையில எடுத்துக்கிட்டு!"

பிளம்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மாமியாரும் மருமகளும் ஒரே பேச்சைப் பேசி அவன் கேட்டதே இல்லை. ஒன்றும் புரியாமல் வளையத்தை டூல் பாக்ஸில் போட்டான்.

"கடையில காட்டிக் கேட்டுப் பார்க்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

கடையில் காட்டுவதா? மருமகள் அடுப்பை அணைத்தாள்.

அது வாஷரே இல்லை. பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. டாக்டரம்மா மூன்று வழி சொல்லியிருந்தார். இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி, உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு வளையம், அதுவும் சரிவராவிட்டால் ஆபரேஷன்.

"இப்போதைக்குப் பயிற்சியும் வளையமும் போதும்மா. வாரத்துக்கு ஒரு தடவை கழட்டிக் கழுவி மாட்டிக்கோ. பாரம் மட்டும் தூக்காதே."

அந்த வளையம் இருப்பதால்தான் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்க முடிகிறது. அது இல்லாமல் இன்று வேலைக்குப் போக முடியாது.

வீட்டில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. மாமியார் காதுக்குப் போனால், "ஒரு பிள்ளைக்கே இப்படியா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவாள் என்ற பயம்.

ஏற்கெனவே வீட்டில் பக்கெட் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரார் வீட்டு மாடிக்கெல்லாம் தண்ணீர் ஏற்றித் தரும் பிளம்பரின் வீட்டில் மோட்டார் கெட்டு நாலு மாதம் ஆகிறது. அதைக் கழற்றிப் பார்க்க ஐயாவுக்கு நேரமில்லை. குடியிருப்பது மாடியில் என்பதால், தண்ணீரைக் கீழே போய்த்தான் பிடித்து வர வேண்டும். மருமகள் அரை பக்கெட்டுக்கு மேல் கொண்டு வருவதில்லை.

"மூணு பெத்தவ நான். பத்தாம் நாளே குடம் தூக்கினேன். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு உடம்பு வளைய மாட்டேங்குது," என்று படியெல்லாம் பேசிக்கொண்டே, மாமியார் முழு பக்கெட்டையும் தானே தூக்கி வருவாள். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்கும்.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மாமியார் பேரனுக்குப் பால் புகட்ட உள்ளே போயிருந்தாள். மருமகள் சட்டென்று டூல் பாக்ஸைத் திறந்து, ஸ்பேனருக்கு அடியில் கிடந்த வளையத்தை எடுத்தாள். பெட்டியை மூடிவிட்டு அறைக்கு ஓடினாள். அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்த சோப்பு டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

டப்பாவுக்குள் ஒரு வளையம் இருந்தது.

நேற்று கழற்றிக் கழுவியது ஞாபகம் இருக்கிறது. பிள்ளை அழுதான் என்று ஜன்னலில் வைத்துவிட்டு ஓடியதும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எடுத்து வைத்துவிட்டோமா? ஒருவேளை டாக்டரம்மா இரண்டு கொடுத்தாரா? இல்லையே.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். டூல் பாக்ஸிலிருந்து எடுத்தது கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அப்படியானால் இது யாருடையது?

இரண்டையும் டப்பாவில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவள் மூடிவைத்துவிட்டுப் போன டூல் பாக்ஸ் திறந்து கிடந்தது. உள்ளே இருந்த சாமான் அத்தனையும் தரையில் கொட்டியிருந்தது. மாமியாரைக் காணவில்லை.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மாமியார் முழு பக்கெட்டோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். வழக்கமாக நாலு படிக்கு ஒரு தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வயசாகிவிட்டது என்றுதான் மருமகள் நினைத்திருந்தாள். இன்று ஒவ்வொரு படிக்கும் நின்றாள்.

"அத்தே, கீழ வைங்க."

"நான் வெச்சா யாரு தூக்குவா? நீயா?"

மருமகள் இறங்கிப் போய், சோப்பு டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"சின்னது என்னுது, அத்தே."

மாமியார் டப்பாவைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து பிளம்பர் கத்தினான்.

"டூல் பாக்ஸை யாரு நோண்டினது? அந்த வாஷர் எங்க?"

மருமகளும் ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"எத்தனை வருஷமா, அத்தே?"

மாமியார், குரல் வந்த பக்கம் கையைக் காட்டினாள்.

"இவன் பொறந்ததுல இருந்து."